லண்டனிலிருந்து ஸ்பெயினுக்கு: பிரித்தானியக் கடவுச்சீட்டோடு குடிபெயர்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அலிகாந்தே, மாலகா கரையோரங்களில் பிரித்தானியர்கள் பல பத்தாண்டுகளாகக் குடியேறி வருகிறார்கள். இப்போது ஹரோ, ஈஸ்ட்ஹாம், டூட்டிங் பக்கமிருந்து நம்மவர்களும் வெயிலையும் வாழ்க்கைச் செலவையும் எண்ணி விசாரிக்கிறார்கள். தொலைபேசியில் அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

அநேகமான கேள்விகளுக்குப் பின்னால் ஒரே நம்பிக்கை இருக்கிறது: கடவுச்சீட்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்பது. ஆனால் வைத்தியம், வரி, லைசென்ஸ், பிள்ளைகளின் படிப்பு என்று எதை எடுத்தாலும், நீங்கள் எந்த நாட்டில் வசிக்கிறீர்கள் என்பதைத்தான் இரண்டு அரசாங்கங்களும் முதலில் பார்க்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். தொகைகள் மாறக்கூடியவை, விண்ணப்பிக்குமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைச்சிருக்கிறன். பிறகேன் ஸ்பெயினுக்கு விசா?

பிரெக்சிட்டின் இடைக்காலம் 2020 டிசம்பர் 31-ஆம் தேதி முடிந்தது. அன்றுவரை பிரித்தானியர்கள் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களாகப் போய்த் தங்கினார்கள். இப்போது ஸ்பெயினின் கண்ணுக்கு நாம் மூன்றாம் நாட்டவர், அதாவது ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவர்கள். சுற்றிப்பார்க்க விசா தேவையில்லை. எந்த 180 நாள் காலத்தை எடுத்தாலும் அதில் 90 நாட்கள் வரை தங்கலாம். வாழப் போவதென்றால் வதிவிட விசா வேண்டும், அதை இங்கிலாந்தில் இருக்கும்போதே ஸ்பானியத் துணைத்தூதரகத்தில் எடுக்க வேண்டும்.

அந்தத் தேதிக்கு முன்பே சட்டப்படி அங்கே குடியிருந்தவர்களுக்குப் பழைய உரிமைகள் தொடர்கின்றன. அவர்களில் சிலர் இன்னும் பச்சை நிறக் கடதாசிச் சான்றிதழையே வைத்திருக்கிறார்கள். அதை தீயே என்ற கைரேகை அட்டையாக மாற்றிவிடுங்கள். எல்லையில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கத் தேவையில்லை.

90 நாள் முடியேக்க ஒரு கிழமை லண்டனுக்கு வந்திட்டுத் திரும்பிப் போனா கணக்குப் புதுசாத் தொடங்கும்தானே?

தொடங்காது. நீங்கள் அங்கே நிற்கும் ஒவ்வொரு நாளிலும் அதற்கு முந்தைய 180 நாட்களைத் திரும்பிப் பார்த்து எண்ணுவார்கள். போய் இறங்கும் நாளும் புறப்படும் நாளும் கணக்கில் சேரும். பாரிஸில் மச்சான் வீட்டுக் கல்யாணத்துக்குப் போன நான்கு நாட்களும் சேரும், ஏனென்றால் ஷெங்கன் நாடுகள், அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகள், அனைத்துக்கும் ஒரே கணக்கு.

முன்பு முத்திரை தெளிவில்லாமல் விழுந்தால் தப்பியவர்கள் உண்டு. 2025 அக்டோபர் 12 முதல் முகப்படமும் கைரேகையும் எடுத்துக் கணினியில் பதியும் முறை படிப்படியாக வந்திருக்கிறது. நாட்களை அதுவே எண்ணும். இன்னொன்று: உங்கள் கடவுச்சீட்டு நுழையும் நாளில் பத்து வருடத்துக்குட்பட்டதாகவும், திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியானதாகவும் இருக்க வேண்டும். காலாவதித் தேதியை மட்டும் பார்த்துவிட்டுப் புறப்பட்டு, விமான நிலையத்தில் மறிக்கப்படுபவர்கள் இருக்கிறார்கள்.

அங்க ஒரு வீடு வாங்கினா வதிவிட உரிமை தருவாங்களாமே?

500,000 யூரோவுக்கு மேல் வீடு வாங்கினால் கிடைத்த அந்தத் தங்க விசா 2025 ஏப்ரல் 3-உடன் நிறுத்தப்பட்டுவிட்டது. இன்றும் அதைச் சொல்லி வீடு விற்க வருபவர் யாராவது இருந்தால் அவரிடம் வாங்காதீர்கள். வீடு சொந்தமாக இருந்தாலும் 90 நாள் விதி அப்படியே பொருந்தும்.

அப்ப எந்த விசா எங்களுக்குச் சரிவரும்? எவ்வளவு காசு காட்ட வேணும்?

ஓய்வு பெற்றவர்களுக்கும் வேலை செய்யாமல் வாழ வசதியுள்ளவர்களுக்கும் உரியது 'நோ லுக்ரத்தீவா' விசா. ஸ்பெயினில் ஐப்ரெம் என்று ஒரு அடிப்படை அளவுகோல் உண்டு, மாதம் 600 யூரோ. அதன் நான்கு மடங்கு, அதாவது வருடத்துக்கு 28,800 யூரோ, முதன்மை விண்ணப்பதாரர் காட்ட வேண்டும். கூட வரும் ஒவ்வொருவருக்கும் இன்னும் 7,200 யூரோ. பிரித்தானிய அரசு ஓய்வூதியம் முழுதாகக் கிடைத்தாலும் இந்தத் தொகையில் ஏறக்குறையப் பாதிதான் தேறும். வேலைசெய்த இடத்து ஓய்வூதியம், வீட்டு வாடகை வருமானம், சேமிப்பு எல்லாம் சேர்த்துத்தான் காட்ட வேண்டிவரும்.

இந்த விசாவில் வேலை செய்ய முடியாது. லண்டன் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து மடிக்கணினியில் செய்யும் வேலைக்கும் இதே தடைதான். அப்படியானவர்களுக்கு 2023-இல் தொலைப்பணி விசா வந்தது. அதற்கு ஸ்பெயினின் குறைந்தபட்சச் சம்பளத்தின் இரண்டு மடங்கு வருமானம் வேண்டும்.

கடதாசிகளில் அதிக காலம் எடுப்பது குற்றப்பதிவுச் சான்றிதழ். அதைப் பெற்று, பிரித்தானிய வெளியுறவு அலுவலகத்தில் அப்போஸ்தில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று வெளிநாடுகளுக்கு உறுதிசெய்வது) எடுத்து, பிறகு அங்கீகரிக்கப்பட்ட சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஸ்பானியத்துக்கு மாற்ற வேண்டும். இந்த வரிசை முக்கியம்: முத்திரையும் சேர்த்து மொழிபெயர்க்கப்பட வேண்டும்.

நியே, தீயே, பத்ரோன் எண்டு ஆளாளுக்கு ஒண்டு சொல்லுறாங்கள். எது முதல்?

நியே என்பது வெளிநாட்டவருக்கான இலக்கம். வங்கி, மின்சாரம், வரி எல்லாம் அதில்தான் ஓடும். தீயே என்பது அந்த இலக்கமும் உங்கள் படமும் கைரேகையும் உள்ள அட்டை. பத்ரோன் என்பது நீங்கள் இந்த முகவரியில் குடியிருக்கிறீர்கள் என்ற நகரசபைப் பதிவு.

விசாவோடு நியே இலக்கமும் வந்துவிடும். போய் இறங்கியதும் வாடகை ஒப்பந்தத்தோடு நகரசபைக்குப் போய் பத்ரோன் பதியுங்கள். பிறகு ஒரு மாதத்துக்குள் தீயேக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணத்தை வங்கியில் முன்கூட்டியே கட்டி, ரசீதோடு காவல் நிலையத்துக்குப் போக வேண்டும். எதற்கும் 'சீத்தா ப்ரேவியா' என்ற முன்பதிவு தேவை, அது லேசில் கிடைக்காது. வார நாட்களில் காலையில் எழுந்ததும் இணையத்தில் பாருங்கள். ஆகஸ்ட் மாதத்தில் எதையும் தொடங்காதீர்கள், பாதிப்பேர் விடுமுறையில் இருப்பார்கள்.

பத்ரோன் சான்றிதழ் மூன்று மாதத்துக்கு மேல் பழையதென்றால் பல அலுவலகங்கள் ஏற்காது. ஒவ்வொரு வேலைக்கும் புதிதாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அலைச்சல் தாங்காதவர்கள் ஹெஸ்தோர் என்ற கடதாசி வேலை பார்ப்பவரை வைத்துக்கொள்ளலாம். அங்கே பிறந்தவர்களே அவரிடம்தான் போகிறார்கள்.

படிவத்தில ரெண்டு குடும்பப் பேர் கேக்குது. எனக்கு அப்பான்ர பேர் ஒண்டுதானே?

ஸ்பானியர்களுக்குத் தந்தைவழி ஒன்று, தாய்வழி ஒன்று என இரண்டு குடும்பப் பெயர்கள். இரண்டாவது கட்டத்தை வெறுமையாக விடுங்கள். நம் பெயர்களில் வரும் வில்லங்கம் வேறு: கடவுச்சீட்டில் முதற்பெயர் இரண்டு சொல்லாக இருந்தால், அலுவலர் இரண்டாவது சொல்லை முதல் குடும்பப் பெயராகப் பதிந்துவிடுவார். வங்கியில் ஒரு பெயர், பத்ரோனில் இன்னொரு பெயர் என்றாகிவிட்டால், பிறகு வைத்திய அட்டை எடுக்கும்போது நீங்கள்தான் அந்த ஆள் என்று நிரூபிக்கத் திரிய வேண்டிவரும். கையெழுத்திடுமுன் எழுத்துக்கெழுத்து கடவுச்சீட்டோடு ஒப்பிடுங்கள். அலுவலர் அவசரப்படுத்தினாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வாடகை வீடு எடுக்கேக்க என்ன கவனிக்க வேணும்?

ஒப்பந்தம் எந்த வகை என்று முதலில் பாருங்கள். நிரந்தரக் குடியிருப்புக்கான ஒப்பந்தத்தில், வீட்டுக்காரர் தனியாள் என்றால், வாடகையாளருக்கு ஐந்து வருடம் வரை இருக்கும் உரிமை உண்டு. முற்பணம் ஒரு மாத வாடகை. கூடுதல் உத்தரவாதமாக அதிகபட்சம் இரண்டு மாதம் கேட்கலாம். 2023 மே மாதச் சட்டத்தின்படி முகவர் கட்டணம் வீட்டுக்காரர் பொறுப்பு. 'தெம்பொராதா' என்ற பருவகால ஒப்பந்தத்தில் இந்தப் பாதுகாப்பு இல்லை. பதினொரு மாதம் என்று எழுதித் தருவார்கள், அப்படித் தந்தால் ஏன் என்று கேளுங்கள்.

அடுத்தது குளிர். கரையோர வீடுகள் வெயிலுக்காகக் கட்டப்பட்டவை: ஓட்டுத்தரை, மெல்லிய ஜன்னல், பெரும்பாலும் மத்திய வெப்பமூட்டல் கிடையாது. ஜனவரி இரவில் வீட்டுக்குள் லண்டனைவிடக் குளிரும். அம்மா அப்பாவைக் கூட்டிப்போகிறீர்கள் என்றால் வெயில் விழும் திசையைப் பார்த்து எடுங்கள்.

மின்சாரத்தில் 'பொத்தென்சியா' என்று ஒன்று உண்டு, ஒரே நேரத்தில் எத்தனை கிலோவாட் இழுக்கலாம் என்று ஒப்பந்தம் செய்யும் அளவு. 3.45 கிலோவாட் உள்ள வீட்டில் மின் அவனும் சலவை இயந்திரமும் ஹீட்டரும் சேர்ந்து ஓடினால் கரண்ட் விழும். அளவைக் கூட்டலாம், மாதக் கட்டணமும் கூடும். நம் சமையலுக்கு வாயு அடுப்புத்தான் வேண்டுமென்பவர்களுக்கு, 12.5 கிலோ செம்மஞ்சள் சிலிண்டர் பல ஊர்களில் வீட்டுக்கே வரும்.

வருத்தம் வந்தா பிளேன் எடுத்து வந்து எங்கட ஜிபியைப் பாக்கலாம்தானே?

இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். என்எச்எஸ் உரிமை, நீங்கள் கட்டிய தேசியக் காப்புறுதியை வைத்தோ கடவுச்சீட்டை வைத்தோ வருவதில்லை; பிரித்தானியாவில் வசிப்பதால் வருவது. நிரந்தரமாகப் புறப்பட்டால் அது போய்விடும். நாற்பது வருடம் கட்டினேனே என்ற ஆதங்கம் எனக்கும் புரிகிறது, ஆனால் மருத்துவமனைக் கணக்குப் பிரிவில் அந்தப் பேச்சு எடுபடாது.

அரசு ஓய்வூதியம் பெறுபவர்களுக்கு நல்ல வழி இருக்கிறது. என்எச்எஸ் வணிகச் சேவை ஆணையத்திடம் எஸ்1 படிவம் கேளுங்கள். அதை ஸ்பெயினின் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் பதிந்தால் உள்ளூர் சுகாதார நிலையத்தில் ஸ்பானிய ஓய்வூதியர் போலவே வைத்தியம் கிடைக்கும், செலவை பிரித்தானியா ஏற்கும். மருந்துக்கு மட்டும் ஒரு சிறு பங்கை, மாத உச்சவரம்போடு, நீங்கள் கட்ட வேண்டும். இங்கிலாந்துக்கு வந்துபோகும்போதும் எஸ்1 உள்ளவர்கள் என்எச்எஸ்ஸைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

ஓய்வூதிய வயது வராதவர்கள் முழுக் காப்புறுதி எடுத்தாக வேண்டும். விசாவுக்கே அது நிபந்தனை: ஸ்பெயினில் அனுமதி பெற்ற நிறுவனம், ஒவ்வொரு தடவையும் நீங்கள் பங்கு கட்டாத திட்டம். ஒரு வருடம் பத்ரோனில் இருந்த பிறகு 'கொன்வேனியோ எஸ்பெசியால்' என்ற அரசுத் திட்டத்தில் சேரலாம்: 65 வயதுக்குட்பட்டவர்களுக்கு மாதம் 60 யூரோ, மற்றவர்களுக்கு 157 யூரோ. நீரிழிவோ இதய நோயோ உள்ளவர்களுக்குத் தனியார் காப்புறுதி கிடைப்பது கடினம் என்பதால், அவர்கள் முதல் வருடத்தை எப்படிக் கடப்பது என்று வீட்டைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே யோசிக்க வேண்டும். பயணிகளுக்கான ஜிஎச்ஐசி அட்டை குடியிருப்பவர்களுக்கு உரியதல்ல.

லண்டன் லைசென்ஸ்ல எவ்வளவு காலம் ஓடலாம்?

விடுமுறைக்குப் போகும்போது தாராளமாக ஓடலாம். வதிவிடம் கிடைத்த நாளிலிருந்து ஆறு மாதம் வரை, பிறகு ஸ்பானிய லைசென்ஸாக மாற்றிக்கொள்ள வேண்டும். 2023 மார்ச்சில் வந்த இரு நாட்டு ஒப்பந்தத்தால் மறுபடி பரீட்சை எழுதத் தேவையில்லை. சாரதிகளுக்கான மருத்துவ நிலையத்தில் கண்பார்வையும் கை ஒருங்கிணைப்பும் சோதிப்பார்கள், அவ்வளவுதான். பழைய லைசென்ஸைக் கொடுத்துவிட வேண்டும்.

பென்சன் கூடுமோ, அப்பிடியே நிண்டுபோகுமோ?

ஸ்பெயினில் கூடும். பிரித்தானிய அரசு ஓய்வூதியம் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வசிப்பவர்களுக்கு வருடாவருடம் உயர்த்தப்படுகிறது. இலங்கை, இந்தியா, கனடா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் குடியிருந்தால் போன நாளில் இருந்த தொகையிலேயே நின்றுவிடும். ஊருக்குப் போய் இருப்பதா, ஸ்பெயினா என்று யோசிக்கும் எழுபது வயதுக்காரருக்கு இது பெரிய விஷயம்: இருபது வருடத்தில் இரண்டுக்கும் இடையில் மலையளவு வித்தியாசம் வந்துவிடும்.

ஓய்வூதிய அலுவலகம் அவ்வப்போது நீங்கள் உயிரோடு இருப்பதை உறுதிசெய்யும் படிவம் அனுப்பும். முகவரியை மாற்றாமல் விட்டு அந்தக் கடிதம் தவறினால் பணம் நிற்கும்.

வரி ரெண்டு பக்கமும் கட்ட வேணுமோ?

ஒரே வருமானத்துக்கு இரண்டு முறை கட்டாமல் இருக்க இரு நாடுகளுக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. ஆனால் இரண்டு பக்கமும் கணக்குக் காட்ட வேண்டிவரலாம். ஒரு நாட்காட்டி வருடத்தில் 183 நாட்களுக்கு மேல் ஸ்பெயினில் இருந்தால் நீங்கள் அங்கே வரி வதிவாளர், உலகில் எங்கே வரும் வருமானமும் அங்கே அறிவிக்கப்பட வேண்டும். பிரித்தானிய வரி வருடம் ஏப்ரல் 6-இல் தொடங்க, ஸ்பானிய வருடம் ஜனவரியில் தொடங்கும். ஸ்பெயினில் வரிக் கணக்கைக் கொடுக்கும் காலம் ஏப்ரலிலிருந்து ஜூன் 30 வரை.

அரசு ஓய்வூதியமும் தனியார் ஓய்வூதியமும் ஸ்பெயினில் வரிக்குட்படும். நகரசபை, ஆசிரியர், காவல்துறை, சிவில் சேவை ஓய்வூதியங்களுக்கு பிரித்தானியா மட்டும் வரி எடுக்கும். ஆனால் மற்ற வருமானத்துக்கு எந்த விகிதம் என்று முடிவுசெய்ய ஸ்பெயின் அதையும் கூட்டிப் பார்க்கும். ஐசா என்ற பிரித்தானிய வரியில்லாச் சேமிப்புக் கணக்குக்கு அங்கே வரிவிலக்கு இல்லை. ஓய்வூதிய நிதியிலிருந்து வரியில்லாமல் எடுக்கும் 25 சதவீதத்துக்கும் அங்கே அந்தச் சலுகை கிடையாது.

ஆகவே புறப்படும் மாதம் முக்கியம். ஸ்பெயினில் வருடத்தைப் பாதியாகப் பிரிப்பதில்லை; முழு வருடமும் வதிவாளர், இல்லையென்றால் முழு வருடமும் இல்லை. மார்ச்சில் லண்டன் வீட்டை விற்று மே மாதம் குடிபெயர்ந்தால், அந்த விற்பனை லாபமும் ஸ்பானியக் கணக்குக்குள் வரக்கூடும். அதே ஆள் ஆகஸ்டில் போனால் அந்த வருடம் 183 நாள் நிரம்பாது. வீட்டை விற்பது, 25 சதவீதத்தை எடுப்பது இரண்டையும் பற்றி இரு நாட்டு வரியும் தெரிந்த கணக்காளரிடம் புறப்படுமுன் ஒரு மணிநேரமாவது பேசுங்கள். கொடுக்கும் கட்டணம் வீண்போகாது.

வெளிநாட்டில் உள்ள வங்கிப் பணம், முதலீடு, வீடு என்ற ஏதாவதொரு வகை 50,000 யூரோவைத் தாண்டினால் 'மொதேலோ 720' என்ற அறிவிப்பை மார்ச் இறுதிக்குள் கொடுக்க வேண்டும். ஊரில் உங்கள் பெயரில் இருக்கும் காணியும் வீடும் இதில் சேரும். பலர் அதை நினைத்தே பார்ப்பதில்லை.

மிளகாய்த்தூள், கருவாடு, கறிவேப்பிலை கொண்டுபோகலாமோ?

தூள்கள் பிரச்சினையில்லை. மீன் பொருட்கள் ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி, ஆகவே கருவாடு போகலாம். இறைச்சியும் பால் பொருட்களும் பிரித்தானியாவிலிருந்து கொண்டுபோக முடியாது. நெய்யும் பன்னீரும் அதில் அடங்கும். கறிவேப்பிலைக்குத் தாவரநலச் சான்றிதழ் வேண்டும், பையில் போட்டுக்கொண்டு போக முடியாது. சான்றிதழில்லாமல் விடும் பழங்கள் வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியான் மட்டும். மாலகாவுக்குக் கிழக்கே மாம்பழமே விளைகிறது. பார்சலோனா ராவால் பகுதியிலும் கனேரித் தீவுகளிலும் தெற்காசியக் கடைகள் நிறைய உண்டு.

மனிசிக்கு இலங்கை பாஸ்போர்ட், ஐஎல்ஆர் இருக்கு. அவவும் என்னோட வரலாமோ?

வரலாம், மேலே சொன்ன 7,200 யூரோவைக் கூட்டிக் காட்டி அவரும் விசா எடுக்க வேண்டும். நீங்கள் பிரித்தானியர் என்பதால் அவருக்குத் தனிச்சலுகை எதுவும் கிடையாது. ஆனால் தொடர்ச்சியாக இரண்டு வருடத்துக்கு மேல் பிரித்தானியாவுக்கு வெளியே இருந்தால் அவருடைய ஐஎல்ஆர், அதாவது பிரித்தானியாவில் காலவரையறையின்றித் தங்கும் அனுமதி, காலாவதியாகும். தகுதி இருந்தால் குடியுரிமையை எடுத்த பிறகு புறப்படுங்கள். ஒரு வருடம் பிந்தினாலும் பரவாயில்லை.

பிள்ளையள் அங்க படிச்சிட்டு யுனிவர்சிட்டிக்கு லண்டன் வரலாம்தானே?

வரலாம், கட்டணம்தான் கேள்வி. உள்ளூர் மாணவர் கட்டணத்துக்குப் பொதுவாகப் படிப்புத் தொடங்குமுன் மூன்று வருடம் பிரித்தானியாவில் வசித்திருக்க வேண்டும். பிரித்தானியக் கடவுச்சீட்டு உள்ள பிள்ளைக்கும் வெளிநாட்டு மாணவர் கட்டணம் கேட்கலாம். மூத்த பிள்ளைக்குப் பதினைந்து, பதினாறு வயதென்றால் இதை முதலில் பேசுங்கள்.

ஓட்டுரிமை போயிடுமோ?

போகாது. வெளிநாட்டில் 15 வருடம் என்ற வரம்பு 2024 ஜனவரி 16-இல் நீக்கப்பட்டது. ஸ்பெயினில் மூன்று வருடம் சட்டப்படி வசித்தபின் நகரசபைத் தேர்தலிலும் பதிந்து வாக்களிக்கலாம்.

லண்டன்ல எழுதின உயில் போதும்தானே?

ஒன்றைப் பாருங்கள். ஸ்பெயினில் குடியிருந்து இறந்தால், வேறு சொல்லியிருக்காவிட்டால் ஸ்பானியச் சட்டம் பொருந்தும். அதன் பொதுவான விதிப்படி சொத்தின் மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்குப் போக வேண்டும், மனைவிக்கு எல்லாம் என்று எழுதியிருந்தாலும். 2015 ஆகஸ்ட் 17 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய விதிப்படி, உங்கள் தேசியச் சட்டமே பொருந்த வேண்டும் என்று உயிலில் தெரிவுசெய்யலாம். அந்த ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பெயின் சொத்துக்கென்று அங்குள்ள நொத்தாரிசிடம் தனி உயில் எழுதினால், இருக்கும் துணைக்கு அலைச்சல் குறையும். புதிய உயில் பழையதை ரத்துச் செய்யாதபடி எழுதச் சொல்லுங்கள்.

விசா ஒண்டும் வேண்டாம். பாதி வருசம் அங்க, பாதி வருசம் இங்க இருந்தா என்ன?

எழுபதைத் தாண்டிய, பேரப்பிள்ளைகளை விட்டுப் பிரிய மனமில்லாத பலருக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். இரண்டாவது பதிலில் சொன்ன கணக்குப்படி 90 நாள் அங்கே, 90 நாள் இங்கே என்று போனால் வருடத்தில் 180 நாள் வரை வெயிலில் இருக்கலாம். உங்கள் வீடு, குடும்பம், வாழ்க்கை பிரித்தானியாவில் மையமாக இருக்கும்வரை ஜிபியும் லைசென்ஸும் ஐசாவும் அப்படியே இருக்கும். முதலிரண்டு குளிர்காலம் இப்படி இருந்து பார்த்துவிட்டு முழுதாகப் போவதா என்று முடிவெடுங்கள்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. 180-க்கும் 183-க்கும் இடையில் மூன்று நாள்தான், பயணச்சீட்டுகளையும் கட்டணச் சிட்டைகளையும் பத்திரமாக வையுங்கள். உங்கள் பொருளாதார நலன்களின் மையம் ஸ்பெயின் என்று வரி அலுவலகம் கருதினால், நாட்கள் குறைவாக இருந்தாலும் வதிவாளராகக் கணக்கிடலாம். அங்கே சொந்த வீடு இருந்தால், வாடகைக்கு விடாவிட்டாலும், வதிவாளர் அல்லாதவர் 'மொதேலோ 210' படிவத்தில் வருடாவருடம் வரி கட்ட வேண்டும். வீட்டின் பதிவேட்டு மதிப்பில் 1.1 அல்லது 2 சதவீதத்தை வருமானமாக எண்ணி, அதில் 24 சதவீதம். ஒவ்வொரு வருடத்துக்கும் உரியதை அடுத்த வருடம் டிசம்பர் 31-க்குள் கட்டலாம். நகரசபைக்குக் கட்டும் ஈபி வரி இதற்கு வேறானது. அதைக் கட்டிவிட்டு இதை விட்டவர்கள் வீட்டை விற்கும்போது பழைய பாக்கிக்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.